பேட்டரி மேல் பழி... குற்றவாளி பெல்ட்!

"எங்களிடம் 12 வருடப் பழைய டிராக்டர் இருக்கிறது. சொந்தக் காட்டுக்குப் போக, அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கும் உழவு ஓட்டுகிறோம். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இருந்தும் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. ராத்திரி வாசல் மேட்டில் நிறுத்தி, காலையில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் 'கீச்'சென்று சத்தம் வந்து, பிறகு அடங்கிவிடும். இப்போது ஆல்டர்னேட்டர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். பி.ஏ.பி. தண்ணீர் திறக்கப்போகும் நேரம். இந்தச் செலவைச் செய்யலாமா?"

– வாசகர், அவிநாசிபாளையம், திருப்பூர் மாவட்டம்.

ஆல்டர்னேட்டருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால், ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால் ஓடும் பெல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் 'கீச்' சத்தம், பிறகு அமைதி என்பது பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதன் அடையாளம். ஆல்டர்னேட்டர் உண்மையிலேயே பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால், சில நூறு ரூபாய் பெல்ட்டைச் சோதிக்காமல் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

சத்தம் ஏன் ஸ்டார்ட் ஆன உடனே மட்டும் வருகிறது? டீசல் இன்ஜினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை பேட்டரியிலிருந்து இழுக்கிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும், இழந்ததைத் திரும்ப நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும். 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு அளவில் மின்சாரம் கொடுக்கும்போது, அதைச் சுழற்ற ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் தேவைப்படும். அவ்வளவு சக்தியும் அந்தச் சின்னப் புல்லியில், பெல்ட் பிடித்திருக்கும் கொஞ்ச இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பெல்ட் தொய்வாக இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் வழுக்கும். சில நிமிடங்களில் பேட்டரி கொஞ்சம் ஏற்றம் பெற்றதும் ஆல்டர்னேட்டரின் சுமை குறைகிறது, சத்தமும் அடங்குகிறது. 'சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். ரோட்டவேட்டர் ஓட்டும்போதோ, இரவில் விளக்குப் போட்டு ஓட்டும்போதோ இன்ஜின் இரைச்சலில் அதே பெல்ட் சத்தமே கேட்காமல் வழுக்கிக்கொண்டிருக்கும்.

இப்படி நாளுக்கு நாள் அரைகுறையாக சார்ஜ் ஆகும் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். மின்சாரம் செலவாகும்போது பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. முழுதாக சார்ஜ் ஏறினால் அது மறுபடி கரைந்துவிடும். பல வாரங்கள் பாதி சார்ஜிலேயே கிடந்தால் அந்தப் படிவு இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. புது பேட்டரி போட்டதும் சில மாதங்கள் நன்றாக இருந்து, பிறகு மறுபடி மக்கர் செய்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இரண்டு பேட்டரி போயும் தொல்லை தீரவில்லை என்றால், இரண்டு பேட்டரியும் கெட்டது என்பதைவிட, இரண்டையும் ஒரே காரணம் கெடுத்தது என்று சந்தேகிப்பதே சரி.

பெல்ட் கதைக்குப் போவதற்கு முன் ஒன்று. மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வதை இன்றோடு விட்டுவிட வேண்டும். பழைய டிராக்டர்களின் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. வாசல் மேட்டில் நிற்கும் டிராக்டருக்குக் கீழே கோழியைத் துரத்திக்கொண்டு ஓடும் குழந்தைக்கு அது தெரியாது. கியரில் போட்டிருந்தாலும், சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தாலும், உருட்டுவதற்காக அவற்றை எடுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. பிரச்னை தீரும் வரை பேட்டரியைக் கழற்றி, கடையில் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓட்டலாம். எப்படியும் அதைச் செய்யத்தான் வேண்டும். முற்றிலும் காலியான பேட்டரியை ஆல்டர்னேட்டரை வைத்தே நிரப்பப் பார்த்தால் பெல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மணிக்கணக்கில் முழுச்சுமைதான்.

இனி சோதனை. பக்கத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவரிடமோ, தறி மோட்டார் பார்ப்பவரிடமோ ஒரு மல்டிமீட்டர் இருக்கும். இரவு முழுக்க நின்ற டிராக்டரில், பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்கும் கீழே என்றால் காலி. பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நடுத்தர வேகத்தில் வைத்துப் பார்த்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அடுத்து முன்விளக்கு, பின்விளக்கு எல்லாவற்றையும் போட வேண்டும். விளக்குப் போடாதபோது சரியாகக் காட்டி, போட்டதும் வோல்ட் இறங்கி, கீச் சத்தமும் வந்தால் பெல்ட்தான் வழுக்குகிறது. பெல்ட் சரியான இறுக்கத்தில் இருந்தும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் மட்டுமே ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், வயர் இணைப்பு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தால் அதை முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பார்ப்பது நல்லது. சில நேரம் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

மீட்டர் இல்லாதவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு என்பார்கள். டீசல் இன்ஜின் ஓடுவதற்கு பேட்டரி தேவையில்லை என்பதால், இந்தச் சோதனை பெரும்பாலும் எதையும் சொல்லாது. பழைய டைனமோ காலத்தில் தாங்கிய இந்தப் பழக்கம் ஆல்டர்னேட்டருக்கு ஆகாது. பேட்டரி விலகிய நொடியில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே இருக்கும் டயோடுகளும் ரெகுலேட்டரும் எரிந்துபோகலாம். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் அந்தச் சோதனையாலேயே போகும்.

பெல்ட்டைப் பார்ப்பதற்கு வருவோம். அவிநாசிபாளையம், பொங்கலூர், பல்லடம் வட்டாரத்தில் வி பெல்ட் யாருக்கும் புதிதல்ல. ஊருக்கு ஊர் தறி குடோன்களில் மோட்டாருக்கும் தறிக்கும் நடுவே ஓடுவது அதுதான். தறிக்காரருக்குத் தெரிந்த விஷயம் டிராக்டருக்கும் பொருந்தும். வி பெல்ட் அடிப்பாகத்தால் இழுப்பதில்லை, இரண்டு பக்கவாட்டாலும் ஆப்பு மாதிரி புல்லியின் பள்ளத்தில் இறுகி இழுக்கிறது. அதனால் பெல்ட்டின் முதுகு, புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டு ஓடினால், எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் அதுதான் அர்த்தம். அப்போது பெல்ட் தேய்ந்ததா, புல்லி தேய்ந்ததா என்று புது பெல்ட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெல்ட்டின் பக்கவாட்டு கருகி மினுமினுத்தாலும், உள்பக்கம் குறுக்கே வெடிப்பு விட்டிருந்தாலும், நூல் பிரிந்து தொங்கினாலும் மாற்றிவிட வேண்டும். வழுக்கி வழுக்கி ஒருமுறை மினுமினுப்பு ஏறிவிட்ட பெல்ட், இறுக்கினாலும் மறுபடி வழுக்கவே செய்யும்.

எந்தச் சோதனைக்கும் சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகே கையை வைக்க வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, தளர்ந்த வேட்டி எதுவும் கூடாது. ஓடும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போன விரல் முழுதாகத் திரும்பாது.

இறுக்கம் சரியா என்று அறிய, மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்த வேண்டும். ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் அளவு, உள்ளே போனால் சரி. கம்பெனி கொடுத்த கையேட்டில் அந்த டிராக்டருக்கென்று ஓர் அளவு போட்டிருக்கும், அதுவே முதன்மையானது. கையேடு தொலைந்துபோயிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. அதே நீளப் பகுதியை விரல்களால் திருகினால் கால்வட்டம் வரை திரும்ப வேண்டும். அதற்கு மேல் சுலபமாகத் திரும்பினால் தொய்வு, அந்த அளவுகூடத் திரும்பவில்லை என்றால் மிகை இறுக்கம். ஆல்டர்னேட்டரின் சின்ன விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. பெல்ட் அசையாமல் புல்லி மட்டும் சுற்றிவந்தால் சந்தேகமே வேண்டாம்.

இறுக்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயர் எப்போதும் மின்சாரத்தோடு இருக்கும். ஸ்பேனர் அதில் பட்டு இன்ஜினிலும் பட்டால் தீப்பொறி பறக்கும். ஆல்டர்னேட்டர் கீழே ஒரு நீளமான போல்ட்டில் தொங்கும். மேலே, நீள் துளை போட்ட வளைந்த பட்டையில் இன்னொரு போல்ட் இருக்கும். இரண்டையும் தளர்த்த வேண்டும். மேல் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு நெம்புவது பரவலாகச் செய்யும் தவறு. அதனால் ஆல்டர்னேட்டரின் காது உடைகிறது. அது வார்ப்பு அலுமினியம், வளையாது, விரிசல்தான் விடும்.

பிறகு ஒரு மண்வெட்டிக் காம்போ, உறுதியான கட்டையோ வைத்து ஆல்டர்னேட்டரை இன்ஜினைவிட்டு வெளியே நெம்ப வேண்டும். கட்டை படும் இடம் முக்கியம். புல்லிக்குப் பக்கத்தில் உள்ள முன்பக்க உடம்பில்தான் வைக்க வேண்டும். பின்பக்க மூடிக்குள் டயோடுகள் இருக்கின்றன. கடப்பாரையை அங்கே கொடுத்தால், பெல்ட் இறுகும், ஆல்டர்னேட்டர் போய்விடும். நெம்பிப் பிடித்தபடியே மேல் போல்ட்டை இறுக்கி, அளவைக் கட்டைவிரலால் பார்த்து, சரியாக இருந்தால் கீழ் போல்ட்டையும் இறுக்கிவிட வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் நெம்ப, ஒருவர் ஸ்பேனர் பிடிக்க, 10 நிமிட வேலை.

"இறுக்கினால்தானே நல்லது, நன்றாகவே இறுக்கிவிடுவோம்" என்று தந்தி மாதிரி முறுக்கிவிடுவதிலும் கெடுதல் இருக்கிறது. தொய்வான பெல்ட் பேட்டரியைத் தின்கிறது என்றால், மிகையாக இறுக்கிய பெல்ட் ஆல்டர்னேட்டரின் பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் தின்றுவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் விசிறி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கினால், பம்ப்பின் சீல் போய்விட்டது. அதற்கு முன்னால் யாராவது பெல்ட்டை முறுக்கினார்களா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. வழுக்காத அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

ஒரே பெல்ட் மூன்று வேலை செய்வதால்தான் இதை வெறும் பேட்டரி விவகாரமாக விட்டுவிட முடியாது. வழுக்கும் பெல்ட்டால் ரேடியேட்டர் விசிறியும் தண்ணீர் சுழற்சியும் மந்தமாகும். சித்திரை வெயிலில் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போனால் செலவு எங்கேயோ போய்விடும். காட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சார்ஜிங் லைட் சிவப்பாக எரிந்து, கூடவே வெப்பமுள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று அர்த்தம். "இந்த ஒரு சால் முடித்துவிடுவோம்" என்று ஓட்டக் கூடாது. உடனே நிறுத்திவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

புது பெல்ட் வாங்கும்போது, பழைய பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, வாகன உதிரிபாகக் கடையிலேயே வாங்க வேண்டும். தறிக்கு வாங்கிவைத்த ஏ செக்‌ஷன் பெல்ட்டின் அகலமும் 13 மில்லிமீட்டர்தான், அளவும் ஒத்துவந்தது என்று டிராக்டரில் மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒருநாள் ஓடும். ஆனால், தொழிற்சாலை பெல்ட்டும் வாகன பெல்ட்டும் ஒன்றல்ல. ஆல்டர்னேட்டரின் சின்னப் புல்லியில் மடங்கி மடங்கி, இன்ஜின் சூட்டில் கிடக்க அது செய்யப்பட்டதில்லை. மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் இழுவை நூல்கள் அறுந்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது, சில வாரத்தில் பெல்ட் அறுந்துவிடும். ஆல்டர்னேட்டரை நன்றாகத் தளர்த்தி, கையாலேயே ஏற்ற வேண்டும். புது பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே பள்ளத்தில் படிந்து தொய்வு கொடுக்கும். அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு ஒருமுறை, பிறகு 10 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை பார்த்து இறுக்கினால், அதன் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இவ்வளவும் செய்து, பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டினால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. ஒரு நேரான சட்டத்தையோ இழுத்துப் பிடித்த நூலையோ புல்லிகளின் முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் தெரியும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியவர் ஒரு வாஷரை மறந்திருப்பார், அல்லது வேறு மாடல் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியிருப்பார். இந்தக் கறுப்புத் தூள் தொல்லை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பாய்மரப் படகில் மாதக்கணக்கில் கடலில் சுற்றுபவர்கள், விளக்கு, ஃபிரிட்ஜ், வழிகாட்டும் கருவி எல்லாவற்றுக்கும் பெரிய பேட்டரிகள் வைத்துக்கொண்டு, சின்ன டீசல் இன்ஜினில் பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு இதே அவஸ்தைப்படுகிறார்கள். 100 ஆம்பியர் அளவை நெருங்கினாலே ஒற்றை பெல்ட் தாங்காது என்று இரட்டை பெல்ட்டுக்குப் போவது அவர்கள் வழக்கம். டிராக்டரில் ஸ்பீக்கரும் வரிசையாக எல்.இ.டி. விளக்கும் மாட்டி, அதற்காகப் பெரிய ஆல்டர்னேட்டர் தேடும் இளவட்டங்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அவிநாசிபாளையம் வாசகர் செய்ய வேண்டியது, முதலில் பெல்ட். தேய்ந்திருந்தால் மாற்றி, இல்லையென்றால் இறுக்கி, மீட்டரில் 14 வோல்ட் பக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, இப்போது இருக்கும் பேட்டரியைக் கடையில் மெதுவாக சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வாரன்டி அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம். இரண்டும் சரியாக இருந்தும் வோல்ட் வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, ஆட்டோ எலெக்ட்ரிஷியனிடம் கொடுக்கலாம். கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கும் பொருட்கள். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டிய நிலை வருவது அதற்கெல்லாம் பிறகுதான். தண்ணீர் திறந்து, ஊரே உழவுக்குக் கூப்பிடும் முன்பாக ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கினால் முடிந்துவிடும்.

"பெல்ட் சத்தம் போட்டால் சோப்பு தடவச் சொல்கிறார்கள். சிலர் கிரீஸ் என்கிறார்கள். எது சரி?"

– வாசகி, காங்கேயம்.

இரண்டும் சரியில்லை. சோப்பு கொஞ்ச நேரம் சத்தத்தை நிறுத்தும், வழுக்கலை நிறுத்தாது. கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், வழுக்கலும் அதிகமாகும். கடையில் விற்கும் பிசுபிசுப்பான பெல்ட் மருந்தும் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். இன்ஜினை நிறுத்திவிட்டு, காய்ந்த பனியன் வேஸ்ட்டால் பெல்ட்டையும் புல்லிப் பள்ளத்தையும் துடைத்தால் போதும். பனியன் வேஸ்ட்டுக்குத் திருப்பூர் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆயில் பட்டிருந்தால், அது எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும்.

"கம்ப்ரசர் வைத்து போர் தண்ணீர் எடுக்கிறோம். மோட்டாருக்கும் கம்ப்ரசருக்கும் மூன்று பெல்ட். ஒன்று அறுந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?"

– வாசகர், பல்லடம்.

மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய இரண்டும் ஓடி ஓடி நீண்டிருக்கும். புதிதாகப் போடுவது நீளம் குறைவாக இருப்பதால், முழுச்சுமையையும் அது ஒன்றே இழுத்து, மறுபடி அதுவே அறுந்துபோகும். ஒரே கம்பெனியில், ஒரே எண்ணில், ஒரே சமயத்தில் வாங்கிய பெல்ட்டுகளாகப் போட வேண்டும். அறுந்தது தவிர மற்ற இரண்டும் நல்ல நிலையில் இருந்தால், கட்டி வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு, சுமையைக் குறைத்து ஓட்ட உதவும். மோட்டாரின் அடியில் உள்ள நழுவு தண்டவாளத்தில், இரண்டு பக்கப் போல்ட்டுகளையும் சமமாகத் திருகி மோட்டாரைப் பின்னுக்கு நகர்த்தியே இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் புல்லி கோணலாகி, புது பெல்ட்டும் ஒரு பக்கமாகத் தேயும்.